அடுத்த வருஷமும் வருவீங்களா?

உண்ணிச்செடி பிடுங்க, பாட்டில் பொறுக்க, நாற்று நட என்று சனி, ஞாயிறுகளில் காட்டு முகாம்களுக்குப் போகிறார்கள் நகரத்து இளைஞர்கள். அதனால் காட்டுக்கு என்ன கிடைக்கிறது?

உண்ணிச்செடியை வெட்டத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. சாகடிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. அரிவாளை ஓங்கித் தண்டில் நாலு போடு போட்டால் புதர் சாய்ந்துவிடும். வெட்டியவருக்கும் மனசு நிறைந்துவிடும். அடுத்த மழைக்கு அதே கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் தளிர் கிளம்பி, முன்னைவிட அடர்த்தியாக நிற்கும். வெட்டியவர் அதற்குள் சென்னைக்கோ பெங்களூருக்கோ திரும்பி, படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டு, மறந்தும் போயிருப்பார்.

சரியான முறை வேறு. முதலில் கிளைகளைக் கழித்து, தூர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இடம் பண்ணிக்கொள்ள வேண்டும். தூரைச் சுற்றிக் கொத்தால் மண்ணைப் பறித்தால், தண்டும் வேரும் சேருகிற இடத்தில் ஒரு முண்டு தட்டுப்படும். தளிர் விடுகிற சங்கதி எல்லாம் அங்கேதான் இருக்கிறது. அதற்கும் கீழே, மண்மட்டத்திலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில், ஆணிவேரை வெட்ட வேண்டும். பிறகு புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து, வேர் மேலே பார்க்க, வெயிலில் காயவிட வேண்டும். நிமிர்ந்தபடியே விட்டால் ஈரம் பட்ட இடத்தில் மறுபடி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் அவருடைய குழுவினரும் வகுத்த முறை இது. மருந்து வேண்டாம், இயந்திரம் வேண்டாம், மண்ணையும் பெரிதாகப் புரட்டுவதில்லை. பழகிய கைக்குச் சில நிமிட வேலை. கீபோர்டு மட்டுமே தட்டிப் பழகிய கைக்கு அரை மணி நேரமும் இரண்டு கொப்புளமும் ஆகும்.

அந்தக் கொப்புளத்தைத் தேடித்தான் வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறுகிறார்கள். ஐ.டி. ஊழியர்கள், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்கள். வனத்துறையின் அனுமதியோடு தொண்டு அமைப்புகளும் கல்லூரிகளும் நடத்துகிற இந்த வார இறுதி முகாம்களுக்கு ஆள் சேர்ப்பது இப்போது கஷ்டமே இல்லை. அறிவிப்பு வந்த அன்றே இடம் நிரம்பிவிடுகிறது. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் எதிரியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

தமிழ்நாட்டைவிடப் பெரிய புதர்

மத்திய, தென் அமெரிக்கக் காடுகளைச் சேர்ந்த உண்ணிச்செடி, 1800-களின் தொடக்கத்தில் அழகுச்செடியாக இந்தியாவுக்கு வந்தது. கல்கத்தா தாவரவியல் பூங்காவில் வைத்து வளர்த்தார்கள். பூவில் மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் மாறி மாறி வரும். வேலிக்கு வேலி, அழகுக்கு அழகு. வெள்ளைக்காரர்களின் பங்களாத் தோட்டத்திலிருந்து அதை வெளியே கொண்டுபோனவை பறவைகள். கொண்டைக்குருவியும் மைனாவும் கருநீலப் பழத்தைத் தின்று, போகிற இடமெல்லாம் விதையை எச்சத்தோடு போட்டன. இன்றைக்கு நாட்டில் புலி நடமாடும் காடுகளில் மட்டும் 1,54,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் இந்தச் செடி பரவியிருப்பதாக 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர்தான்.

பச்சையாகத்தானே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று காரில் போகிறவருக்குத் தோன்றும். மானுக்கு அப்படித் தோன்றாது. உண்ணிச்செடி மண்டிய இடத்தில் வெயில் தரையில் விழுவதில்லை, புல் முளைப்பதில்லை. அதன் இலையை ஆடு மாடு தின்றால் நோய் வரும். காட்டு விலங்குகளும் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. புள்ளிமானுக்கும் காட்டெருமைக்கும் யானைக்கும் மேய்ச்சல் சுருங்குகிறது. மேய்ச்சல் சுருங்கினால் அவை எங்கே போகும்? காட்டோரத்து ராகிக்கும் வாழைக்கும்தான். கோடையில் அது காய்ந்து நிற்கும்போது, தரையோடு ஓடி அணைந்திருக்க வேண்டிய புல் தீ அதில் ஏறி மரத்தைப் பிடிக்கிறது. இன்னொன்றை மலையோரத்து ஊர்க்காரர்கள்தான் முதலில் சொல்வார்கள்: புதருக்குப் பின்னால் யானை நிற்பது பத்தடி நெருங்கும்வரை தெரியாது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் பாதை ஓரத்தில் உண்ணிச்செடியை எடுப்பது அவர்களுக்குச் சுற்றுச்சூழல் விஷயமே இல்லை, உயிர் விஷயம்.

உண்ணிச்செடி தனியாகவும் இல்லை. முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் மஞ்சள் கொன்றை என்று அழகாகப் பூக்கிறதே, சென்னா ஸ்பெக்டபிலிஸ், அதுவும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்ததுதான். பூத்து நிற்கும்போது வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதவர்கள் குறைவு. இதுபோன்ற அயல் தாவரங்களை அகற்றுவது பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை உத்தரவிட்டிருக்கிறது. அயல் தாவரங்களை நீக்கிக் காட்டை மீட்பதற்கென்றே 2022-ல் தமிழக அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. மஞ்சள் கொன்றை மரங்களை வெட்டிக் காகிதக்கூழுக்கு எடுத்துக்கொள்ளும் வேலையில் கரூர் மாவட்டத்து டி.என்.பி.எல். காகித ஆலை இறங்கியது. மரம் வெட்டுவது ஆலைக்கும் இயந்திரத்துக்கும் உரிய வேலை. சனி, ஞாயிறு ஆட்களுக்கு மிச்சம் இருப்பது இன்னும் சின்னது, இன்னும் பொறுமை கேட்பது.

ஆறு மணிக்கு வரிசை

நான் போயிருந்த முகாம் நீலகிரிக்கு வடக்கே, மாயாற்றை ஒட்டிய வறண்ட காட்டின் ஓரத்தில் இருக்கிறது. இடத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். எழுதினால் வேலை செய்ய வருகிறவர்களைவிட வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அதிகமாகிவிடுவார்களாம். நியாயம்தான். பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்று, கூடாரம் போட மட்டமான இடம், சுற்றிலும் யானை அகழி. செல்போனுக்கு சிக்னல் கிடையாது.

காலை ஆறு மணிக்குச் சுக்குக் காபி. அதைக் குடித்து முடிப்பதற்குள் வேட்டைத் தடுப்புக் காவலர் வந்துவிடுகிறார். இருளர், ஐம்பதைத் தாண்டியவர், எல்லோருக்கும் அவர் 'அண்ணா'. வரிசையில் நின்றவர்களை மேலும் கீழும் பார்த்து முதலில் சட்டையை மாற்றச் சொல்கிறார். சிவப்பு வேண்டாம், பளிச்சென்ற மஞ்சள் வேண்டாம். ஒரு பையனிடம் நெருங்கிப்போய் மூக்கைச் சுளிக்கிறார். "சென்ட் போட்டுட்டு வந்தீங்களாக்கும்? அவங்களுக்கு ரெண்டு மைல் தள்ளியே தெரிஞ்சுடும் தம்பி. மூஞ்சி கழுவிட்டு வாங்க." பேன்ட்டைச் சாக்ஸுக்குள் சொருக வேண்டும், உண்ணிப்பூச்சி ஏறாமல் இருக்க வேறு வழியில்லை. இரண்டு இரண்டு பேராகத்தான் நடக்க வேண்டும். சிறுநீர் கழிக்கக்கூடச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஓடு என்றால் ஓட வேண்டும், எந்தப் பக்கம் என்பதை அவர் சொல்வார். யாரும் சிரிக்கவில்லை.

வேலை நடக்கும் இடம் முகாமிலிருந்து அரை மணி நேர நடை. வழியில் அண்ணா இரண்டு முறை கை காட்டி நிறுத்துகிறார். ஒருமுறை, பாதையில் கிடந்த யானைச் சாணத்தில் கை வைத்துச் சூடு பார்த்துவிட்டு, சுற்று வழியில் கூட்டிப்போகிறார். இன்னொரு முறை ஏன் நின்றார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

கையில் கொத்து, மம்பட்டி, வெட்டுக்கத்தி. மூன்று பேருக்கு ஒரு புதர். ஒருவர் கிளையைக் கழிக்க, ஒருவர் தூரைத் தோண்ட, ஒருவர் கழித்ததை ஒதுக்குப்புறமாக இழுத்துப் போட வேண்டும். உண்ணிச்செடியின் தண்டு நாலு பட்டையாக இருக்கும். பட்டைக்குப் பட்டை வளைந்த முள். கையுறை போட்டாலும் மணிக்கட்டில் கீறும். இலை கசங்கினால் கிளம்பும் நெடி மதியச் சாப்பாட்டிலும் இருக்கும். ஒரு மணி நேரம் கழிந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. கொத்து கல்லில் மோதும் சத்தமும் மூச்சு வாங்கும் சத்தமும்தான். பத்தரைக்குத் தண்ணீர். அண்ணா ஒவ்வொரு குழியாக வந்து எட்டிப் பார்க்கிறார். முண்டு மண்ணுக்குள்ளேயே இருந்தால் காலால் தட்டிக் காட்டுகிறார்: "இது செத்துப்போச்சுன்னு நெனச்சீங்களா? தூங்குது."

பாதிப் பேருடைய குழிகளை அவர் மறுபடி தோண்டச் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. தன்னார்வமாக வந்தவர்களிடம் கறாராக இருக்கக் கூடாது என்று நினைக்கிற முகாம்களும் உண்டு. அங்கேயெல்லாம் ஞாயிறு மாலை குழுப் படம் அருமையாக வரும். காட்டில் ஒன்றும் நடந்திருக்காது.

மதியம், தக்காளி சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோதுதான், மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் பெண் அவரிடம் கேட்டார்: "அண்ணா, நாங்க செஞ்சது உபயோகமா இருக்குமா?" அவர் உடனே பதில் சொல்லவில்லை. எதிரே காலையில் சுத்தம் செய்த இடத்தைப் பார்த்தார். "அடுத்த வருஷமும் வருவீங்களா?" என்று திருப்பிக் கேட்டார்.

அவர் கேட்டதற்குக் காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. ஒரு புதரை வேரோடு எடுத்ததும் வெயில் தரையில் விழுகிறது. அந்த மண்ணில் பல வருஷமாகக் கிடக்கும் உண்ணி விதைகள் முதல் மழையில் முளைக்கின்றன. பக்கத்து மரக்கிளையில் உட்காரும் பறவைகள் புது விதையையும் கொண்டுவந்து போடுகின்றன. அப்படியே விட்டால், உண்ணிக்குப் பதில் பார்த்தீனியம், குரோமோலேனா போன்ற களைகள் முந்திக்கொள்வதும் உண்டு. ஆக, முதல் வருஷம் புதர் எடுப்பது பாதி வேலைகூட இல்லை. இரண்டாம் வருஷம் வந்து விரல் நீள நாற்றுகளைக் கையாலேயே பிடுங்க வேண்டும்; முக்கியமாகப் பறவை உட்காரும் மரங்களின் அடியில். அதே இடத்தில் உள்ளூர்ப் புல்லையும் மூங்கிலையும் நெல்லியையும் கொண்டுவர வேண்டும். மூன்றாம் வருஷமும் வர வேண்டும். இரண்டாம் வருஷ வேலைக்குக் கொத்து வேண்டாம், பலம் வேண்டாம், படத்திலும் எடுப்பாக இருக்காது. அதனால்தான் அதற்கு ஆள் கிடைப்பதில்லை.

வெட்டாமல் விட வேண்டிய மரம்

எல்லா அயல் மரத்தையும் கண்ட இடத்தில் வெட்ட வேண்டும் என்று கிளம்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கொடைக்கானலுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

பழநி மலையின் மேல்தட்டில் ஒரு காலத்தில் பரந்து கிடந்தது புல்வெளி. பள்ளங்களில் மட்டும் சோலைக்காடு. அந்தப் புல்வெளியை வெற்று நிலம் என்று கருதி, சுதந்திரத்துக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் சீகை மரமும் தைல மரமும் பைன் மரமும் ஏக்கர் கணக்கில் நட்டார்கள். சீகைப் பட்டை தோல் பதனிடும் தொழிலுக்கு. மரக்கூழ் செயற்கைப் பட்டு ஆலைக்கு. மேற்குத்தொடர்ச்சி மலையின் உயரங்களில் சோலைப் புல்வெளி எவ்வளவு அழிந்தது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ந்தவர்கள், பழநி மலையில்தான் இழப்பு மிக மோசம் என்றார்கள்: சுமார் 40 ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது. புல்வெளி மழைநீரைப் பிடித்துவைத்து மெதுவாக விடும். அது போனால் கீழே வைகையிலும் அமராவதியிலும் வந்து சேரும் ஓடைகளுக்குத்தான் நஷ்டம்.

அப்படியானால் சீகையை வெட்டித் தள்ள வேண்டியதுதானே? இங்கேதான் சிக்கல். கொடைக்கானலில் பாம்பார் சோலையைக் காப்பதற்காகப் பல காலம் உழைத்த வட்டக்கானல் கன்சர்வேஷன் டிரஸ்ட்டை உருவாக்கிய பாப் ஸ்டூவர்ட், டான்யா பால்கர் இருவரும் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்கள். பழைய தோட்டங்களில் சீகை, தைல மரங்களின் நிழலிலேயே சோலை மரக்கன்றுகள் தானாக முளைத்து மேலே வந்துகொண்டிருந்தன. அங்கே சீகையை மொத்தமாக வெட்டினால் நிழல் போய்க் கன்றும் போகும். போதாக்குறைக்குச் சீகை விதை மண்ணில் ஐம்பது ஆண்டுகள்வரைகூட உயிரோடு கிடக்கும். நிலத்தைக் கிளறினாலோ தீ பட்டாலோ குபுகுபுவென்று முளைக்கும். வெட்டப்போன இடத்தில் முன்பைவிட அடர்ந்த சீகைக்காடு நிற்கும். அதே சீகை, புல்வெளிக்குள் புதிதாக நுழைந்துகொண்டிருக்கிற இளங்கன்றாக இருந்தால் தயங்காமல் பிடுங்க வேண்டும். மரம் ஒன்றுதான்; இடத்துக்கு இடம் தீர்ப்பு மாறுகிறது.

இதை வெளியிலிருந்து இரண்டு நாளுக்கு வருகிறவர் தீர்மானிக்க முடியாது. கோத்தகிரியில் லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர், ஊருக்குப் பக்கத்திலேயே. சுற்றியுள்ள கிராமங்களுக்கு அதுதான் தண்ணீர். உள்ளூர்க்காரர்களின் கண்காணிப்புக் குழு ஒன்று நீண்ட காலமாக அதைப் பார்த்துக்கொண்டு வருகிறது. 2024-ல் அது ராம்சார் ஈரநிலத் தலமாக அறிவிக்கப்பட்டதில் அவர்களுடைய உழைப்புக்குப் பெரிய பங்குண்டு. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் திவ்யா முடப்பாவும் டி.ஆர்.சங்கர் ராமனும், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளை மீட்கும் வேலையை இருபது வருஷத்துக்கு மேலாகச் செய்துவருகிறார்கள். சாலையில் விழுந்து டயரில் நசுங்கவிருக்கும் விதைகளைப் பொறுக்கி வந்து நாற்றங்காலில் முளைக்க வைத்து நடுவது அவர்கள் வழக்கம். இந்த இடங்களிலெல்லாம் எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் வருஷம் முழுக்க அங்கேயே இருக்கிறார்கள். அவர்கள் இல்லாத இடத்தில் அரிவாளோடு இறங்குவதைவிட வீட்டில் தூங்குவது காட்டுக்கு நல்லது.

முகாமே ஒரு காயம்

யாரும் விரும்பாத பேச்சு ஒன்று: நாம் கூடாரம் போடும் இடத்துக்கு நாம்தான் முதல் தொந்தரவு. மண் மிதிபட்டு இறுகுகிறது. அதில் மழைநீர் இறங்காமல் வழிந்து ஓடுகிறது. பட்டுப்போன மரம்தானே என்று தீ மூட்ட இழுத்து வருகிற கட்டையில் ஒரு பல்லிக் குடும்பமோ மரங்கொத்திக் கூடோ இருந்திருக்கும். ஓடையில் சோப்புப் போட்டுப் பாத்திரம் கழுவுகிறோம். கொட்டிய சோற்றுக்குக் காட்டுப்பன்றியும் குரங்கும் வருகின்றன; நீலகிரிப் பக்கம் என்றால் கரடியும் வரும். மனுஷன் இருக்கும் இடத்தில் சோறு இருக்கும் என்று ஒரு கரடி கற்றுக்கொண்டால், பிறகு அதற்கும் நல்ல காலம் இல்லை, ஊருக்கும் இல்லை.

ஆகவே நல்ல முகாம்களில் ஞாயிறு காலை காட்டுக்குள் போவதில்லை; முகாமையே சரிசெய்கிறார்கள். சரிவுப் பாதை மழைக்கு ஓடையாக அரித்துப்போயிருக்கும். பாதையின் குறுக்கே சாய்வாகக் கல் பதித்து, தண்ணீரைப் பக்கத்துப் புதருக்குள் திருப்பிவிட வேண்டும். கல் புரட்டிப் புரட்டி இடுப்பு ஒடியும் வேலை. ஆனால் ஒருமுறை ஒழுங்காகச் செய்தால் பல மழைக்குத் தாங்கும். கண்டபடி அகன்றுபோன ஒற்றையடிப் பாதையைக் கிளை போட்டு மறித்துப் பழைய அகலத்துக்குக் கொண்டுவர வேண்டும். கக்கூஸ் குழி தோண்ட வேண்டும், ஓடையிலிருந்து தள்ளி. இதற்கு மட்டும் கை தூக்குகிறவர்கள் குறைவு. கை தூக்குகிறவர்கள்தான் அடுத்த முறையும் வருகிறார்கள் என்று முகாம் நடத்துபவர் ஒருவர் சொன்னார்.

ஜனவரி, பிப்ரவரியில் தீத்தடுப்புக் கோடு. காட்டுக்கும் சாலைக்கும் நடுவே சில மீட்டர் அகலத்துக்குக் காய்ந்த புல்லையும் சருகையும் வழித்து எடுக்கிற வேலை. இதில் திறமை தேவையில்லை, ஆள்பலம்தான் தேவை; நாற்பது பேர் வந்தால் நாற்பது பேருக்கும் வேலை உண்டு. வனத்துறைக்கு எந்தக் காலத்திலும் ஆள் போதாத இடம் இது. வார இறுதித் தன்னார்வலர்கள் உண்மையாகவே கைகொடுக்கக்கூடிய வேலை எது என்று என்னைக் கேட்டால், நாற்று நடுவதற்கு முன்னால் இதைத்தான் சொல்வேன். நாற்று நடுவதில் ஆசை எல்லோருக்கும் உண்டு. நட்ட நாற்றுக்குத் தண்ணீர் ஊற்ற யார் இருக்கிறார்கள் என்று கேட்டால்தான் கூட்டம் கலைகிறது.

பத்து ரூபாயும் பொறுக்குகிற கையும்

பாட்டில் பொறுக்குவதைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும், பார்வை முனையின் கீழே ஒவ்வொரு சரிவிலும் கண்ணாடிச் சில்லு கிடந்தது. யானையின் பாதம் பார்க்க முரட்டுத்தனமாக இருந்தாலும் அடியில் மெத்தென்றிருக்கும். உடைந்த பாட்டில் ஏறினால் புண் புரையோடி நடக்க முடியாமல் போகும். தன்னார்வலர்கள் வருஷக்கணக்கில் சாக்குச் சாக்காகப் பொறுக்கினார்கள். பொறுக்கப் பொறுக்க வந்து விழுந்துகொண்டே இருந்தது.

2022 மே மாதம் நீதிமன்றத்தின் தலையீட்டால் நீலகிரியில் ஒரு திட்டம் வந்தது. டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்குப் 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தருவது. அவ்வளவுதான். குடித்தவரே திருப்பிக் கொடுத்தார். அவர் எறிந்ததை வேறொருவர் பொறுக்கிப்போய்க் கொடுத்தார். விற்ற பாட்டில்களில் பெரும்பகுதி கடைக்கே திரும்பியது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அதைக் கொண்டுபோனார்கள்.

இதிலிருந்து பொறுக்குவது வீண் என்று நினைக்க வேண்டாம். எங்கே, எவ்வளவு, எந்த பிராண்ட் என்று கணக்கு வைத்துப் பொறுக்குகிறவர்களிடம் அரசோடு பேசுவதற்குச் சான்று இருக்கிறது. கணக்கு வைக்காமல் பொறுக்குகிறவர் அடுத்த வாரம் எறிகிறவருக்கு இடம் பண்ணிக் கொடுக்கிறார். சிப்ஸ் பாக்கெட்டுக்கும் இந்தப் பத்து ரூபாய் வழி வரும்வரை, பொறுக்குகிற ஒவ்வொரு குழுவும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கூடக் கொண்டுபோகட்டும்.

கூலி விஷயமும் இருக்கிறது. உண்ணிச்செடி எடுப்பது மலையோரத்துப் பழங்குடிக் குடும்பங்களுக்குப் பல இடங்களில் வருமானம். அந்தத் தண்டை வேகவைத்து முள்ளும் தோலும் சீவி, நாற்காலி, மேசை செய்கிறார்கள். கூடலூர்ப் பக்கத்துக் குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் கைவினைஞர்கள் அதைக் கொண்டு ஆளுயரத்துக்கும் மேலான யானைச் சிற்பங்கள் செய்தார்கள். 2021-ல் லண்டன் பூங்காக்களிலும், 2024-ல் 100 யானைகளாக அமெரிக்க நகரங்களிலும் அவை நின்றன. கூலி கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையை இலவசமாகச் செய்ய நகரத்திலிருந்து ஆள் வருகிறது என்றால், அந்தக் குடும்பத்தின் நாள் கூலி போகிறது. நல்ல முகாம்கள் இதைச் சரியாகக் கையாள்கின்றன. வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கி, அதில் உள்ளூர்க்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்து, அவர்களையே ஆசிரியர்களாக வைத்து வேலை நடத்துகின்றன. "சேவை செய்ய வந்த எங்களிடம் காசா?" என்று சண்டை பிடிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். காசு கேட்காத முகாமைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கிளம்புவதற்கு முன்

அனுமதி இல்லாமல் எந்த முகாமுக்கும் போகாதீர்கள். சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதைச் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை இந்த மாநிலம் மறக்கவில்லை. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் இறுகின. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு வனத்துறையின் மலையேற்றத் திட்டம் வந்தது. உள்ளூர் வழிகாட்டிகளோடுதான் போக முடியும். காடு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள முதலில் அதில் ஒரு பாதையில் நடந்துவிட்டு வாருங்கள். கோடையில், தீ அபாயம் உள்ள வாரங்களில், முகாமை ரத்து செய்தால் முணுமுணுக்காதீர்கள்.

முழுக்கைச் சட்டை, பழைய ஜீன்ஸ், கணுக்காலை மூடும் ஷூ, தோல் கையுறை, தட்டு, டம்ளர். மழைக்காலம் என்றால் அட்டைக்கு உப்பும் மூக்குப்பொடியும். நீலகிரியில் பிளாஸ்டிக் குடிநீர் பாட்டிலுக்குத் தடை உண்டு. எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டுபோன பிஸ்கட் உறையைத் திரும்பக் கொண்டுவர ஒரு மஞ்சப்பை. புளூடூத் ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால் புண்ணியம்.

முகாம் நடத்துகிறவர்களிடம் பெயர் கொடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். போன வருஷம் எடுத்த இடம் இப்போது எப்படி இருக்கிறது? அங்கே உள்ளூர்க்காரர்கள் யார் யாருக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள்? இதே இடத்துக்கு அடுத்து எப்போது போகிறீர்கள்? முதல் இரண்டுக்கும் நேரான பதில் வராவிட்டால் வேறு முகாம் பாருங்கள். மூன்றாவதற்கு அவர்கள் ஒரு தேதி சொன்னால், உங்கள் லீவை அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.